மாப்பிள்ளை சுட்ட எல்டர்பெர்ரி பை

எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் நாங்கள் நான்கு ஆண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ரயில் பாதை ஓடியது. வேலிக்கும் பாதைக்கும் நடுவில், யாரும் நடாமல் தானாக முளைத்த ஒரு மரம் பாதி உடம்பை எங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றது. கோடை முடியும் நேரத்தில் அதில் மிளகை விடக் கொஞ்சம் பெரிதான கறுப்புப் பழங்கள் குலை குலையாகத் தொங்கும். புறாக்கள் அவற்றை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, கொடியில் காய்கிற என் வெள்ளைச் சேர்ட்டுகளின் மேல் ஊதா நிறத்தில் எச்சமிட்டுப் போகும். அந்த மரத்தை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. வெட்டி விழுத்துகிறேன் பார் என்று கறிக்கத்தியோடு போய், ஒரு கொப்பைக்கூட வெட்ட முடியாமல் திரும்பி வந்தவன் நான்.

அதன் பெயர் எல்டர் என்றும், அந்தப் பழத்தில் வெள்ளைக்காரர் பை செய்வார்கள் என்றும் எனக்குச் சொன்னவள் அவள்தான். பை என்றால் கடைக்குக் கொண்டுபோகிற பை இல்லை. பிசைந்த மாவுக்குள் பழத்தையும் சீனியையும் பொதிந்து சுட்டெடுக்கிற பலகாரம்.

அவள் ஒரு நேர்ஸ். நான் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்குக் கிழமைக்கு ஒரு தரம் பழைய சிவப்பு மினி காரில் வருவாள். முதல் சில மாதங்கள் இரண்டு பேரும் இங்கிலீசில்தான் பேசிக்கொண்டோம். அவள் என்னை வேறு ஏதோ நாட்டவன் என்று நினைத்திருக்கிறாள், நானும் அப்படியே. ஒரு நாள் பெற்றோல் அவள் சப்பாத்தில் சிந்தியது. "ஐயோ!" என்றாள். சுத்தமான யாழ்ப்பாணத்து ஐயோ. துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு ஓடின என்னைப் பார்த்து, "நீங்கள் தமிழோ? இவ்வளவு நாளும் சொல்லாமல் நிண்டனீங்களோ?" என்று எரிந்து விழுந்தாள். எனக்கும் மூக்கின் மேல்தான் கோபம். "நீர் கேட்டனீரோ?" என்றேன். அந்தச் சண்டையில் தொடங்கியது.

ஒரு வருடம் போனது. பிறகு அவள் தன் அண்ணனிடம் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாததால் அவளுக்கு எல்லாம் அண்ணன்தான். அவர் கணக்காளர், சைவம், சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுகிறவர். தங்கைக்கு ஒரு டொக்டரைப் பார்த்து வைத்திருந்தார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத, பெற்றோல் அடிக்கிற ஒருவன் என்றதும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. மனிசனைக் கண்டால் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவளோ ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அவர், "சரி, வீட்டை வந்து ஆளைப் பாக்கிறன். பாக்கிறது மட்டுந்தான்" என்று இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவதாக ஏற்பாடு.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் பகுதியார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வந்தால் வெறும் தேத்தண்ணியை மரியாதைக்குக் குடிப்பார்கள். பலகாரத் தட்டில் கை வைத்தால்தான் சம்மதம். தட்டைத் தொடாமல், "பிறகு சொல்லி அனுப்புறம்" என்று எழும்பினால் கதை முடிந்தது, யாரும் ஒன்றும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அவள் குடும்பம் இதில் கடும் இறுக்கம். சம்மதமில்லாத வீட்டில் ஒரு வாழைப்பழம்கூட உரிக்காதவர்களாம். பெண்ணும் சம்மதம் ஆகும் முதல் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

"ஆனா அண்ணைக்குக் கார் ஓடத் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டு வருவன். வெளியிலை காருக்குள்ளை இருப்பன்" என்றாள்.

"அப்ப அவருக்கு என்ன பலகாரம் குடுக்கிறது?"

அவளுடைய வார்டில் ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் எல்டர்பெர்ரி பை கொண்டுவந்தாளாம். இந்த நாட்டு இனிப்புகளில் தனக்கு வாய்க்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்றாள். ரயில் பாதை ஓரமெல்லாம் நிற்கிற மரம், இப்படி இலை, இப்படிக் குலை என்று அவள் கையால் காட்டக் காட்ட, என் எதிரியைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கடையில் வாங்கின பலகாரத்தை எல்லா வீட்டிலும்தான் வைக்கிறார்கள். நான் என் கையால் பை சுட்டு வைக்கிறேன், அண்ணர் பார்க்கட்டும் என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்த பிறகு பின்வாங்க முடியவில்லை.

நான் பெற்றோல் அடிக்க, அவள் கார் யன்னலுக்குள்ளால் செய்முறை சொன்னாள். "மாவுக்குப் பாதி அளவு பட்டர். குளிர்ந்த பட்டரை மாவுக்குள்ளை விரலாலை உதிர்த்து, துளி தண்ணி விட்டுக் குழைச்சு, உருட்டித் தட்டுங்கோ. பழத்தைச் சீனியும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் காய்ச்சுங்கோ. பச்சையா ஒருதரும் சாப்பிடக் கூடாது, வயித்தைக் குழப்பும். காம்பும் சேரக் கூடாது. அந்த வெள்ளைக்காரப் பிள்ளை பட்டருக்குப் பதிலாப் பன்றிக் கொழுப்புப் போட்டவளாம், திண்டு முடிச்ச பிறகுதான் சொன்னவள்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதை அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மற்ற இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும், எங்களில் மூத்தவரும் மட்டும். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை. மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். என் பக்கத்துக்குப் பெரியவராக நின்று பேச இந்த நாட்டில் எனக்கிருந்த ஒரே ஆள். அந்தப் பொறுப்பை அவர் மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டார். விடியவே முகம் வழித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வேட்டி கட்டிக்கொண்டு, அந்தக் கோலத்தில் ஏணி வைத்து மரத்தில் ஏறினார். ரயிலில் போன சனம் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே போனது.

பழத்தைக் காம்பிலிருந்து பிரிப்பது பெரிய வேலை. ஒவ்வொரு குலையாகப் பிடித்து முள்ளுக்கரண்டியால் வாரினால் பழம் உதிரும், அதோடு காம்பும் வரும். காம்பை மறுபடி பொறுக்க வேண்டும். எனக்குப் பொறுமை என்கிற சாமானே கிடையாது. நான் திட்டிக்கொண்டே வாரினேன். இரண்டு பேருக்கும் கை முழங்கைவரை ஊதா. இடையில் எழும்பிப் போய்ச் சட்டியைத் தேடிவிட்டு வந்து பார்த்தால், அண்ணை ஒரு கோப்பையில் பழத்தைப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, நாவல்பழம் சாப்பிடுகிற மாதிரி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை! பச்சையாச் சாப்பிடக் கூடாது எண்டு சொன்னனான் எல்லே?"

"சும்மா போடா. ஒரு இறாத்தல் பாரமில்லாத குருவி திண்டிட்டுப் பறக்குது. எனக்கு என்ன செய்யும்?"

அவரோடு வாதாட நேரம் இல்லை. கேஸ் அடுப்பின் கீழே இருந்த, பை சுடுகிற அவண் பெட்டியை நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மூட்டியதே இல்லை. எங்களுக்கு அது சட்டி பானை வைக்கிற அலுமாரி. பொரிக்கிற தாச்சி, புட்டுக் குழல், மூடி தொலைந்த கிடாரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இரண்டு பேரும் முழந்தாளில் நின்று நெருப்புக்குச்சி கிழித்தோம். குபீரென்று பற்றியதில் அண்ணையின் புருவம் ஓரமாகக் கருகியது. பெரியவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

பிறகு மா. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை வாங்கினபடியே பாவிக்க மாட்டோம். துணியில் பொட்டலமாகக் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு உடைத்து அரித்து, ஆறவிட்டுத் தகரப் பேணியில் அடைப்போம். எங்கள் வீட்டில் அது அண்ணையின் வாராந்த வேலை. கடையிலிருந்து மா வந்ததும் வராததுமாக அவித்துவிடுவார். எங்கள் குசினியில் மா என்றால் அந்தப் பேணியில் இருப்பதுதான், வேறு மா உலகத்தில் இருப்பதாகவே எங்களுக்கு நினைவில்லை. அதையே எடுத்துப் பட்டரைப் போட்டு உதிர்த்தோம். உதிர்ந்தது, மிக நன்றாக உதிர்ந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தோம். உருட்டினால் பிளந்தது. தட்டினால் நொறுங்கியது. பலகையில் வைத்துப் போத்தலால் உருட்டினால் துண்டு துண்டாகக் கழன்றது. அவித்த மாவுக்குப் பசைத்தன்மை போய்விடும், அது இப்படி இழுபட்டு நிற்காது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

"பட்டர் பிழை" என்றார் அண்ணை.

"உங்கடை கை பிழை" என்றேன்.

"முப்பது வருசம் புட்டுக் குழைச்ச கையடா இது!"

"அதுதான் புட்டாப் போச்சு!"

கத்திச் சண்டை பிடித்தோம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி போய்க்கொண்டிருந்தது. காய்ச்சின பழம் அடுப்பில் கறுத்த ஊதாவாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, வாசனை மட்டும் திராட்சைப்பழமும் புளியும் கலந்த மாதிரி நன்றாகவே வந்தது. கடைசியில் அண்ணைதான் வழி சொன்னார். "உருட்டினாத்தானே உடையும்? உருட்டாதை. கீழை கொஞ்சத்தை அமத்து, பழத்தை ஊத்து, மிச்சத்தை மேலை தூவு. மூடினதும் கணக்கு, தூவினதும் கணக்கு." வீட்டுக்காரன் விட்டுப்போன எனாமல் தட்டொன்றில் அப்படியே செய்து அவணுக்குள் தள்ளினோம்.

வெளியே எடுத்தபோது எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை. மேலே தூவின மா சில இடத்தில் பொன்னிறம், சில இடத்தில் வெள்ளை. நடுவிலிருந்து ஊதாச் சாறு பொங்கி ஓரமெல்லாம் வழிந்து கருகியிருந்தது. அவள் கார் யன்னலுக்குள்ளால் கையால் வட்டம் போட்டுக் காட்டின பைக்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை. இதை வைத்தா அந்த மனிசனிடம் பெண் கேட்கப் போகிறேன்? டொக்டரைத்தான் கட்டிக் கொடுப்பார், கட்டிக் கொடுக்கட்டும் என்று குசினியில் ஒரு முக்காலியில் இருந்துவிட்டேன்.

சிவப்பு மினி வாசலில் வந்து நின்றது. அவளுடைய அண்ணர் மட்டும் இறங்கினார். கோட் சூட், கையில் குடை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

அவரை முன் அறையில் இருத்தினோம். பைத் தட்டை நடு மேசையில் வைத்தேன். அதை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி பார்க்கவில்லை. தேத்தண்ணியை மட்டும் எடுத்தார். "விண்ணப்பம் எந்த அளவிலை நிக்குது?" "இந்த வேலைதான் செய்யிறதா யோசனையோ?" ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு ஒரு மிடறு. நான் படிக்கப் போகிற திட்டத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே பலமாகக் கேட்டது. ஊதாக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி எங்கடை வீட்டிலை ஒரு பொறுப்பான..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். முகம் வெளிறியது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினார். வீட்டில் கழிவறை மேலேதான். கொஞ்சத்தில் இறங்கி வந்து, "...பொறுப்பான பிள்ளை" என்று முடித்தார். இருந்த சூடு ஆறவில்லை, மறுபடி ஓடினார். மேலே அவர் படுகிற பாடு கீழே தெளிவாகக் கேட்டது.

"அவருக்கு என்ன?" என்றார் அண்ணர்.

"பழம் கொஞ்சம் சாப்பிட்டவர்."

"என்ன பழம்?"

என் கண் தட்டுக்குப் போய்விட்டது. அவர் கண்ணும் போனது.

"இந்தப் பழமோ?"

"ஓம். ஆனா அவர் பச்சையாச் சாப்பிட்டவர். இது காய்ச்சினது."

அவர் தேத்தண்ணிக் கோப்பையையும் கீழே வைத்துவிட்டார். எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மனிசன் நல்லவர், அதைச் சொல்ல வேண்டும். மேலே ஒரு ஆள் கஷ்டப்படும்போது முறை பார்க்கிறவர் இல்லை. "தங்கச்சி நேர்ஸ். கூப்பிடுறன்" என்று எழும்பிப் போய் வாசலில் நின்று கையைக் காட்டினார்.

அவள் ஓடி வந்தாள். என்னைத் தாண்டி நேரே மேலே போய்க் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று கேள்வி கேட்பதும், அண்ணை வெட்கத்தில் முனகிப் பதில் சொல்வதும் கேட்டது. "பயப்பிட ஒண்டுமில்லை. தண்ணி நிறையக் குடியுங்கோ. உப்பும் மிளகாய்த்தூளுமோ? கடவுளே!" என்று அவள் சிரித்தாள். அந்த நிலைமையிலும் எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க நெஞ்சு நிறைந்தது.

அவள் இறங்கி வந்தபோது அண்ணர் குடையைக் கையில் எடுத்திருந்தார். "சரி, வெளிக்கிடுவம். தம்பி, பிறகு சொல்லி அனுப்புறம்" என்றார்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? கோபம்கூட வரவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிழமைக்கு ஒரு தரம் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இனி அது வேறு நிலையத்தில் பெற்றோல் அடிக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

அவள் வாசலுக்குப் போகவில்லை. மேசையருகே நின்று தட்டைக் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி விரலுக்குள் வைத்து உதிர்த்தாள்.

"இது அவிச்ச மா எல்லே?"

"எங்கடை வீட்டிலை வேறை மா இல்லை" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, வடிவாக இருந்துகொண்டாள். கோப்பையில் ஒரு பெரிய பங்கு போட்டாள். கரண்டியால் எடுக்க அது உதிர்ந்து கொட்டியது. கரண்டியை வைத்துவிட்டு, புட்டுச் சாப்பிடுகிற மாதிரி, சாற்றோடு சேர்த்துக் கையால் பிசைந்து வாயில் வைத்தாள்.

அண்ணர் குடையை ஊன்றியபடி அப்படியே நின்றார். "பிள்ளை, இந்த வீட்டிலை வாய் வைச்சா என்ன அர்த்தம் எண்டு உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் அண்ணை. அதுக்குத்தான் இருந்தனான்."

பின்னால் ஒரு ரயில் போனது. அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு அடுத்த வாயை எடுத்தாள். விரலெல்லாம் ஊதா. இந்த உலகத்தில் எனக்காக ஒருவர் அப்படி இருந்து சாப்பிட்டதில்லை. நான் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்தார்.

"புளிக்குதோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம். ஆனா நல்லா இருக்கு."

அவர் மறுபடி கதிரையில் இருந்தார். கோட் கையை மடித்துவிட்டார். "தம்பி, எனக்கும் கொஞ்சம் போடும்" என்றார்.

போட்டேன். பாதி மேசையில் கொட்டியது. அவரும் கையாலேயே எடுத்து, ஒரு வாய் வைத்து, மெதுவாக மென்றார். மேலே தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம் கேட்டது. அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பெண்ணின் அண்ணர் பைக் கோப்பையோடு இருப்பதைக் கண்டு, தன் வயிற்று வருத்தத்தையும் மறந்து பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணர் விழுங்கி முடித்தார். உதடு ஊதாவாகியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒண்டு சொல்லுறன் தம்பி. கலியாண வீட்டிலை நீர் குசினிப் பக்கம் தலைகாட்டக் கூடாது" என்றார்.

கலியாணம் என்ற சொல்லை அந்த அறையில் முதலில் சொன்னவர் அவர்தான்.